நகோயா கோட்டையும் அரிமட்சு முடிச்சுச் சாயத் துணியும்

ஜப்பானைச் சுற்றிவரும் பயணக் கப்பல்கள் நகோயா துறைமுகத்தில் பெரும்பாலும் ஒரு பகல் மட்டுமே நிற்கின்றன. கரையிறங்குவோர் அந்த ஒரு பகலில் பார்க்கக்கூடிய இடங்களில் இரண்டு, நகரின் நடுவே உள்ள நகோயா கோட்டையும் தென்கிழக்கு ஓரத்தில் உள்ள அரிமட்சு என்னும் பழைய சாயத்தொழில் ஊரும் ஆகும். அரிமட்சு 'ஷிபொரி' என்னும் முடிச்சுச் சாயத் துணிக்குப் பெயர் பெற்றது. ஒன்று அரச அதிகாரத்தின் சின்னம், மற்றொன்று குடிசைத்தொழில் ஊர் என்பதால் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தோன்றும். ஆனால் கோட்டை கட்ட வந்த வேலையாட்களிடமிருந்துதான் அந்தத் துணித்தொழிலுக்கு வித்து கிடைத்தது என்பது அவ்வூரின் வரலாறு. இந்தத் தொடர்பை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், ஒரே நாளில் பார்க்கும் இரண்டு இடங்களும் ஒரே கதையின் இரண்டு பகுதிகளாக விளங்கும்.

கோட்டை எழுந்த விதம்

1600-இல் நடந்த செகிகஹாரா போரில் வென்ற டோகுகாவா இயேயாசு 1603-இல் ஷோகுன் பதவியை ஏற்றார். ஷோகுன் என்பவர் பேரரசரின் பெயரால் நாட்டை ஆண்ட படைத்தலைவர். போரில் வென்றாலும், முந்தைய ஆட்சியாளரான டொயொடோமி ஹிதெயோஷியின் மகன் ஒசாகா கோட்டையில் செல்வாக்கோடு இருந்தார். மேற்கிலிருந்து கிழக்கே எடோ நகருக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, வரும் வழியை அடைத்து நிற்க ஒரு பெருங்கோட்டை தேவைப்பட்டது. அதற்கு நகோயா மேட்டுநிலம் ஏற்றதாக அமைந்தது. ஓவரி நாட்டின் தலைநகராக அதுவரை இருந்த கியோசு வெள்ளத்துக்கு உட்படும் தாழ்நிலம். ஆகவே 1609-இல் தலைநகரை மாற்ற முடிவாகி, 1610-இல் வேலை தொடங்கியது. கியோசுவின் வீடுகள், கோயில்கள், கடைகள் அனைத்தும் ஊரோடு பெயர்ந்து நகோயாவுக்கு வந்தன.

கட்டும் செலவை இயேயாசு தம் கருவூலத்திலிருந்து கொடுக்கவில்லை. டைமியோ எனப்பட்ட சிற்றரசர்கள் இருபது பேரை, பெரும்பாலும் மேற்கு நாட்டவர்களை, அழைத்து ஆளுக்கு ஒரு பகுதியாகக் கல்சுவரைப் பிரித்துக் கொடுத்தார். அவர்கள் தம் ஆட்களையும் தம் பணத்தையும் கொண்டுவந்து கட்ட வேண்டும். இதனால் கோட்டையும் எழும். எதிர்க்கக்கூடியவர்களின் கையிருப்பும் கரையும். கல்சுவர்களை நெருங்கிப் பார்த்தால் வட்டம், முக்கோணம், விசிறி போன்ற குறிகள் வெட்டியிருப்பது தெரியும். எந்தக் கல் எந்தச் சிற்றரசருடையது என்ற சண்டை வராமலிருக்க இட்ட அடையாளங்கள் அவை. எதிரிக்காகக் கூலியில்லாமல் கட்டிய சுவர், நானூறு ஆண்டுக்குப் பிறகும் அசையாமல் நிற்கிறது.

முதன்மைக் கோபுரத்தின் கல் அடித்தளத்தைக் கட்டியவர் காட்டோ கியோமாசா. கல் வேலையில் அவருக்கு இருந்த பெயர் அவ்வளவு பெரியது என்பதால், கோட்டைச் சுவரிலுள்ள மிகப் பெரிய கல்லையும் மக்கள் 'கியோமாசா கல்' என்றே அழைக்கிறார்கள். அந்தச் சுவர்ப் பகுதியைக் கட்டும் பொறுப்பு குரோடா நாகாமாசா என்ற வேறொருவருக்கு விடப்பட்டிருந்தது! புகழ் பெற்றவர் பக்கமே ஊர்ப்பேச்சு சாயும் போலும்.

டென்ஷு எனப்படும் அந்த முதன்மைக் கோபுரம் 1612-இல் முடிந்தது. அதன் கூரை உச்சியில் இரண்டு பொன் ஷாச்சி உருவங்கள் உள்ளன. ஷாச்சி என்பது புலித் தலையும் மீன் உடலும் கொண்ட கற்பனை விலங்கு. அது நீரை வரவழைத்துத் தீயை அணைக்கும் என்ற நம்பிக்கையால் மரக் கட்டடங்களின் கூரையில் வைப்பார்கள். பிற கோட்டைகளிலும் ஷாச்சி உண்டு. ஆனால் நகோயாவின் ஷாச்சிக்குப் பொற்காசுகளை உருக்கித் தகடு போர்த்தினார்கள். பிற்காலத்தில் ஓவரி அரசுக்குப் பண முடை வந்தபோதெல்லாம் அந்தத் தங்கத்தை உருக்கி, தரம் குறைத்து மீண்டும் போர்த்திய கதையும் உண்டு. 1873-இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்கு ஒரு ஷாச்சி கப்பலேறிப் போய்வந்தது.

எரிந்ததும் மீண்டதும்

1945 மே 14 அன்று நடந்த விமானக் குண்டுவீச்சில் முதன்மைக் கோபுரமும், அதன் அருகிலிருந்த ஹொன்மாரு அரண்மனையும், பொன் ஷாச்சிகளும் எரிந்து போயின. மூன்று மூலைக் கோபுரங்களும் ஒரு வாயிலும் கல்சுவர்களும் தப்பின.

எரிவதற்கு முன் செய்த இரண்டு வேலைகளைக் குறிப்பிட வேண்டும். 1930-இல் இக்கோட்டை தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட பிறகு, கட்டடங்களை அளந்து விரிவான வரைபடங்கள் தயாரிக்கத் தொடங்கினார்கள்; கண்ணாடித் தகடுகளில் நூற்றுக்கணக்கான ஒளிப்படங்களும் எடுத்தார்கள். போர் நெருங்கியபோது அரண்மனையின் தள்ளு கதவுகளையும் கூரைப் பலகைகளையும் கழற்றி வேறிடத்தில் ஒளித்து வைத்தார்கள். அவற்றிலுள்ள 1047 ஓவியங்கள் இன்று முக்கியப் பண்பாட்டுச் சொத்துகளாகப் பாதுகாக்கப்படுகின்றன. கட்டடம் போனது, அதைப் பற்றிய அறிவு தப்பியது.

அந்த அறிவைக் கொண்டு இருமுறை கோட்டையை மீட்டிருக்கிறார்கள். முதல் முறை 1959-இல், கோபுரத்தை இரும்புக் கம்பியிட்ட கான்கிரீட்டில் கட்டினார்கள். வெளித்தோற்றம் பழையபடி; உள்ளே மின்தூக்கியும் காட்சிக்கூடமும். போரில் கருகிய நகரத்து மக்கள், தம் கோட்டை இன்னொரு முறை எரியக்கூடாது என்று எண்ணியதில் வியப்பில்லை. இரண்டாம் முறை 2009-இல் தொடங்கி 2018 ஜூனில் முடிந்த ஹொன்மாரு அரண்மனை. இது பழைய வரைபடத்தின்படி, கிசோ பள்ளத்தாக்கின் ஹினோகி மரம் முதலியவற்றால், பழைய தச்சு முறையிலேயே கட்டப்பட்டது. 1615-இல் இயேயாசு தம் ஒன்பதாம் மகன் யோஷினாவோவுக்காகக் கட்டிய அரண்மனையின் மறுபிறப்பு இது. உள்ளே நுழைந்தவுடன் பொன் தகட்டின் மேல் மூங்கில் காடும் புலிகளும் சிறுத்தைகளும் தீட்டிய கதவுகள் எதிர்ப்படும். மூல ஓவியங்களைத் தீட்டிய கானோ மரபு ஓவியர்கள் உயிருள்ள புலியைப் பார்த்ததில்லை. தோலையும் சீன ஓவியங்களையும் பார்த்து வரைந்தார்கள். சிறுத்தையைப் பெண்புலி என்று நினைத்து இரண்டையும் ஒரே குடும்பமாகத் தீட்டிவிட்டார்கள். இன்று சுவரில் இருப்பவை புதிதாகத் தீட்டிய நகல்கள்.

முதன்மைக் கோபுரத்தின் உள்ளே இப்போது செல்ல முடியாது. நிலநடுக்கத்தைத் தாங்கும் வலிமை போதாதென்று 2018 மே மாதத்தில் மூடிவிட்டார்கள். அதை இடித்துவிட்டு மரத்திலேயே மீண்டும் கட்டும் திட்டம் நகராட்சியிடம் உள்ளது. ஆனால் பழைய வடிவம் அப்படியே வேண்டுமென்றால் மேல்தளம் வரை மின்தூக்கி வைக்க இடமில்லை. கான்கிரீட் கோபுரத்தில் சக்கர நாற்காலியோடு மேலே போக முடிந்தவர்கள் இனிப் போக முடியாதா என்று மாற்றுத்திறனாளிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதினேழாம் நூற்றாண்டை அச்சு அசலாகத் திரும்பக் கொண்டுவருவதென்றால் அந்த நூற்றாண்டின் படிக்கட்டுகளும் சேர்ந்தே வரும்.

சாலையோரத்தில் பிறந்த ஊர்

எடோவையும் கியோட்டோவையும் இணைத்த பெருவழிக்கு டோக்காய்டோ என்று பெயர். அதில் ஐம்பத்து மூன்று தங்கல் ஊர்கள் இருந்தன. முப்பத்தொன்பதாவதான சிரியூவுக்கும் நாற்பதாவதான நருமிக்கும் இடையே ஆளில்லாத பைன் காடு. வழிப்பறி அச்சமும் இருந்தது. 1608-இல் ஓவரி அரசு, இங்கே குடியேறுவோருக்கு வரிச்சலுகை உண்டு என்று அறிவித்தது. சிட்டா தீபகற்பத்தின் அகுய் என்னும் ஊரிலிருந்து எட்டுப் பேர் முதலில் வந்தார்கள். அப்படித் தோன்றியது அரிமட்சு.

வந்தவர்களுக்கு விரைவிலேயே ஒன்று புரிந்தது: மேடும் சரிவுமான அந்த இடத்தில் வயல் வைத்துப் பிழைக்க முடியாது. வழிப்போக்கர்களை நம்பித்தான் வாழ வேண்டும். அந்த எட்டுப் பேரில் ஒருவரான டகேடா ஷோகுரோ என்பவர் நகோயா கோட்டை வேலை நடந்துகொண்டிருந்தபோது, கியூஷு தீவின் புங்கோ நாட்டிலிருந்து வந்த வேலையாட்கள் வைத்திருந்த துண்டுகளைக் கண்டார் என்பது மரபுவழிச் செய்தி. கட்டிச் சாயமிட்ட வெள்ளைப் புள்ளிகள் கொண்ட துண்டுகள் அவை. கோட்டைப் பணிக்கு அழைக்கப்பட்ட சிற்றரசர்களில் புங்கோ நாட்டவர்களும் இருந்தார்கள் என்பதால் இது நடந்திருக்கக்கூடியதே. சிட்டாவின் பருத்தித் துணியில் அதேபோலச் செய்து வழிப்போக்கர்களுக்கு விற்கத் தொடங்கினார் ஷோகுரோ. எடை குறைவு, விலை குறைவு, ஊருக்குக் கொண்டுபோகத் தோதான பொருள்.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் புங்கோவிலிருந்து வந்து தங்கிய மியுரா என்ற மருத்துவரின் மனைவி, மேலும் தேர்ந்த ஒரு கட்டுமுறையைப் பெண்களுக்குக் கற்றுத் தந்ததாகச் சொல்வார்கள். 'மியுரா ஷிபொரி' என்று குடும்பப் பெயரில் இன்றும் அது வழங்குகிறது. அந்தப் பெண்ணின் சொந்தப் பெயர் முறையின் பெயரில் இல்லை.

பின்னர் ஓவரி அரசு இத்துணியை ஷோகுனுக்குக் காணிக்கையாக அனுப்பி, அரிமட்சு வணிகர்களுக்குத் தனியுரிமையும் கொடுத்தது. அக்கால ஆடம்பரத் தடைச் சட்டங்கள் பொதுமக்கள் பட்டு உடுத்துவதைக் கட்டுப்படுத்தின. பருத்தியில், நீலத்தில், சட்டத்துக்குள் நின்றுகொண்டே அழகாக உடுத்த இது வழி தந்தது. ஓவியர் ஹிரோஷிகே டோக்காய்டோவின் தங்கல் ஊர்களைத் தீட்டியபோது, நருமிக்கான படத்தில் கோயிலையோ பாலத்தையோ காட்டாமல் அரிமட்சுவின் துணிக்கடைகளைத்தான் வரைந்தார்.

1784-இல் பெருந்தீயில் ஊர் ஏறத்தாழ முழுவதும் அழிந்தது. அரசின் உதவியோடு திரும்பக் கட்டியபோது வைக்கோல் கூரையை விட்டு ஓட்டுக்கூரையும், தடித்த சுண்ணச் சாந்துச் சுவரும் வைத்தார்கள். இன்று தெருவின் இருபுறமும் நாம் பார்ப்பது தீயிடம் பாடம் கற்ற அந்த வீடுகளின் வரிசையை. ஹட்டோரி, டகேடா, ஓகா குடும்பங்களின் மாளிகைகள் இவற்றில் பெரியவை. 2016-இல் இத்தெரு நாட்டின் முக்கிய மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது.

முடிச்சு எப்படிக் கோலமாகிறது

ஷிபொரி என்ற சொல்லுக்குப் பிழிதல், இறுக்குதல் என்று பொருள். துணியின் ஒரு பகுதியை நூலால் இறுகக் கட்டிவிட்டால் அங்கே சாயம் ஏறாது. பிரித்த பிறகு வெள்ளையாக நிற்கும். மதுரைச் சுங்குடியும் குஜராத்தின் பாந்தனியும் இதே அடிப்படையில் அமைந்தவைதான் என்பதால் தமிழ் வாசகருக்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது. வேறுபாடு கட்டும் விதங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது. அரிமட்சு, நருமி பகுதியில் உருவான கட்டுமுறைகள் ஏறத்தாழ நூறு.

முதலில் கோல அச்சு வெட்டிய தாளைத் துணிமேல் வைத்து, ஒரு பூவின் நீலச் சாற்றால் புள்ளி குறிப்பார்கள். தண்ணீர் பட்டால் இந்தச் சாறு தடமின்றிப் போய்விடும். அடுத்துக் கட்டும் வேலை. மான்குட்டியின் முதுகுப் புள்ளி போன்ற கனோகோவுக்கு, துணியை நுனிவிரலால் கிள்ளி எடுத்து நூலைப் பலமுறை சுற்றி இறுக்க வேண்டும். மியுரா முறையில் கொக்கியில் மாட்டிய துணியை முடிச்சின்றி ஒரே சுற்றில் வளைத்து இழுத்து அடுத்த புள்ளிக்குப் போய்விடுவார்கள். அதனால் கோலத்தின் ஓரங்கள் நீர் பரவியதுபோல மெத்தென்று இருக்கும். குமோ என்பது சிலந்தி வலை: துணியைக் குடைபோல மடித்து அடியிலிருந்து நுனிவரை நூலைச் சுற்றுவது. கோட்டுக் கோலம் வேண்டுமென்றால் ஊசியால் ஓட்டுத்தையல் போட்டு நூலைச் சுண்டி இழுத்துச் சுருக்குவார்கள்.

மெய்ஜி காலத்தில் பிறந்த அராஷி முறை இவற்றிலிருந்து வேறானது. அராஷி என்றால் புயல். ஆளைவிட நீளமான கழியில் துணியைச் சுற்றி, அதன்மேல் நூல் சுற்றி, ஒருபக்கமாக நெருக்கித் தள்ளிச் சாயமிடுவார்கள். பிரித்தால் காற்றில் சாயும் மழைபோலச் சாய்ந்த கோடுகள் விழும். செக்கா என்ற 'பனிப்பூ' முறையில் நூலே கிடையாது. துணியை முக்கோணமாக மடித்துக்கொண்டே போய், இரு பலகைகளுக்கிடையே இறுக்கி, ஓரத்தை மட்டும் சாயத்தில் தோய்ப்பார்கள். ஒரு காலத்தில் குழந்தைகளின் அரைத்துணிக்குப் பயன்பட்ட இந்தக் கோலம் இன்று விலையுயர்ந்த கோடைக்கால உடைகளில் விளங்குகிறது.

மரபான சாயம் நீலம். நம் ஊர் அவுரி அவரைக் குடும்பத்துச் செடி. ஜப்பானியர் வளர்த்தது அதற்குத் தொடர்பில்லாத வேறொரு குடும்பத்துச் செடி. ஆனால் இரண்டிலும் கிடைக்கும் நீலப்பொருள் ஒன்றே. இலையை நீண்ட நாள் மக்கவைத்து, சாம்பல்நீரோடு தொட்டியில் புளிக்கவைப்பார்கள். துணி தொட்டியிலிருந்து பச்சையும் மஞ்சளுமாக வெளிவரும்; காற்றுப் பட்டவுடன் கண்முன்னே நீலமாகும். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நீலம் கரையாப் பொருளாக மாறி இழையில் தங்கிவிடுவதே காரணம். இன்று செயற்கைச் சாயங்களும் பெருமளவில் பயன்படுகின்றன.

சாயம் காய்ந்தபின் துணியை இழுத்துக் கட்டுகளைப் பிரிப்பார்கள். படபடவென்று நூல் அறும் ஓசையோடு கோலம் வெளிப்படும். கடைசியில் ஆவி காட்டி விரிக்கும்போது சுருக்கங்கள் முழுவதும் போய்விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த மேடுபள்ளமே துணியை உடலோடு ஒட்டாமல் காற்றோட்டமாக வைக்கிறது.

ஒருவருக்கு ஒரு முறை

கட்டும் வேலையில் மரபு, ஒருவருக்கு ஒரு முறை என்பது. சிறுமியாக இருக்கும்போது தாயிடமோ பாட்டியிடமோ கற்ற ஒரு முறையையே ஒரு பெண் வாழ்நாள் முழுவதும் செய்வார். சுற்றுவட்டார வேளாண் குடும்பங்களில் வீட்டுவேலைக்கு நடுவே நடந்த தொழில் இது. ஒரே துணியில் மூன்று வகைக் கட்டு வேண்டுமென்றால் துணி மூன்று வீடுகளுக்குப் போய்வரும். நுண்ணிய வேலைப்பாடு கொண்ட ஒரு கிமோனோத் துணிக்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

இந்தப் பிரிவினையால் கை தேர்ச்சி பெற்றது. ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. கற்க ஆளில்லாமல் ஒருவர் மறையும்போது ஒரு முறையே மறைகிறது. கோட்டையைப்போல இதை அளந்து வரைபடத்தில் வைக்க முடியாது. நூலை எவ்வளவு இறுக்குவது, எங்கே விரலைத் தளர்த்துவது என்பது எந்தப் படத்திலும் விழாது. பழைய துணி அருங்காட்சியகத்தில் இருந்தும், அதைக் கட்டிய விதம் தெரியாத நிலை சில முறைகளுக்கு வந்துவிட்டது.

போருக்குப் பிறகு கிமோனோ அணிவது குறைந்தது. 1960-கள் முதல் கூலி குறைவென்று கட்டும் வேலையைக் கொரியாவுக்கும் பின்னர் சீனாவுக்கும் அனுப்பினார்கள். உள்ளூரில் கட்டுபவர்கள் முதியவர்களாகவே மிஞ்சினார்கள். 1975-இல் அரிமட்சு–நருமி ஷிபொரி அரசு அங்கீகாரம் பெற்ற மரபுக் கைத்தொழிலானது. 1992-இல் முதல் பன்னாட்டு ஷிபொரிக் கருத்தரங்கு நகோயாவில் நடந்தது. அடுத்தது நம் அகமதாபாத்தில் கூடியது. 2008-இல், அரிமட்சு ஷிபொரிக் குடும்பமொன்றைச் சேர்ந்த முரசே ஹிரோயுகி, ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் 'சுசுசான்' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கட்டுவது அரிமட்சுவில், துணி காஷ்மீரக் கம்பளி, விற்பது ஐரோப்பாவில். மரபைக் குலைப்பது என்று சிலர் கருதலாம். ஷோகுரோவும் வேற்றூர்க்காரர் செய்ததைப் பார்த்து, கையில் கிடைத்த துணியில், வழியில் வந்தவர்க்கு விற்றவர்தானே!

ஒரு பகலில் பார்ப்பது

கப்பல் நடுத்தர அளவினதாக இருந்தால் கார்டன் துறையில் நிற்கும். அருகிலுள்ள நகோயாகோ சுரங்க ரயில் நிலையத்திலிருந்து மெய்கோ, மெய்ஜோ தடங்கள் வழியாக நகோயாஜோ நிலையம் சென்றால் கோட்டை வாயில். மிகப் பெரிய கப்பல்கள் கிஞ்சோ துறையில் நிற்கும்; அங்கிருந்து அவோனாமி ரயில் நகோயா நிலையத்துக்குச் செல்கிறது. அரிமட்சுவுக்கு நகோயா நிலையத்திலிருந்து மெய்டெட்சு ரயிலில் சுமார் இருபது நிமிடம்.

கோட்டையில் நேரம் குறைவென்றால் ஹொன்மாரு அரண்மனைக்கும் கல்சுவர்க் குறிகளுக்கும் முதலிடம் தரலாம். அரண்மனைக்குள் காலணியைக் கழற்ற வேண்டும். முதுகுப்பையை முன்புறம் மாட்டிக்கொள்ள வேண்டும் அல்லது பெட்டகத்தில் வைக்க வேண்டும். ஒரே தளம் என்பதால் வயதானவர்களுக்குச் சிரமமில்லை.

அரிமட்சுவில் ஷிபொரிக் கூடத்தில் கைவினைஞர்கள் அமர்ந்து கட்டிக் காட்டுவார்கள். கொக்கியில் துணியை மாட்டி நூல் சுற்றும் வேகத்தைக் கண்ணால் பின்தொடர முடியாது. சற்று மெதுவாகச் செய்து காட்டும்படி சைகையால் கேட்டால் செய்து காட்டுவார்கள். சொந்தமாக ஒரு கைக்குட்டை செய்து பார்க்க விரும்புவோருக்குச் செக்கா ஏற்றது, அரைநாளுக்குள் முடிந்துவிடும். முடிச்சு வகைகள் கப்பல் நேரத்துக்குள் அடங்கா.

துணி வாங்குவோர் கவனிக்க: கையால் கட்டியதில் புள்ளிகள் ஒன்றுபோல் ஒன்று இராது, தடவினால் மேடு தெரியும், பின்பக்கத்திலும் சாயம் ஏறியிருக்கும். அச்சிட்டதில் ஓரம் கூர்மையாகவும் பின்பக்கம் வெளிறியும் இருக்கும். சுங்குடி வாங்கும்போதும் இதே சோதனை உதவும். இன்று அந்தப் பெயரில் வருவதில் பெரும்பகுதி அச்சுத் துணியே. அரிமட்சுக் கடைகளில் பேரம் பேசும் வழக்கம் இல்லை. நூல் பிரிக்காத துணியையும் சில இடங்களில் காட்சிக்கு வைத்திருப்பார்கள். வாங்கும் துணியோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தால் விலை ஏன் அப்படி என்பது புரியும்.

ஷிபொரித் திருவிழா ஜூன் மாத முதல் சனி, ஞாயிறுகளில் நடக்கிறது. அக்டோபர் முதல் ஞாயிறன்று, இயந்திரப் பொம்மைகள் ஆடும் மூன்று தேர்களைப் பழைய டோக்காய்டோ தெருவில் இழுத்து வருவார்கள். மற்ற நாள்களில் தெரு அமைதியாக இருக்கும். வீட்டு வாயில்களில் நீலத் திரைகள் மட்டும் அசைந்துகொண்டிருக்கும்.